கணிப்பொறி மலைமேல் ஒரு விமானப் பயணம்

கொங்கு நாட்டை இறைவன் மலைகளால் வேலியிட்டு வைத்திருக்கிறார். வடக்கே நீலகிரி, மேற்கே வெள்ளியங்கிரி, தெற்கே ஆனைமலை. நீலகிரியின் தொட்டபெட்டா 2637 மீட்டர் உயரம். ஆனைமலைத் தொடரின் ஆனைமுடி 2695 மீட்டர் உயரம். இவ்விரு பெருமலைகளுக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் ஒரு வாசலைப் போலத் திறந்து கிடக்கிறது. அந்த வாசலுக்குக் கிழக்கே, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் அமைந்திருக்கிறது நம் கோவை மாநகரம். பீளமேட்டில் வந்திறங்கும் ஆகாய விமானங்களும், சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து எழும்பும் ஹெலிகாப்டர்களும் இந்த மலைகளை மனத்தில் வைத்துக்கொண்டேதான் பறக்க வேண்டியிருக்கிறது.

இந்தக் காட்சியைக் கணிப்பொறித் திரையிலும் உண்டாக்கலாம். உண்மையான நீலகிரியை, அதன் ஒவ்வொரு பள்ளத்தாக்குடனும் திரையில் எழுப்பி, அதன்மேல் ஒரு விமானத்தையோ, பருந்தையோ, பலூனையோ நாம் குறித்துக் கொடுத்த பாதையில் பறக்கச் செய்யலாம். பார்ப்பதற்கு விளையாட்டுப் போலத் தோன்றும் இக்கலை, திரைப்படக்காரர்களுக்கு மட்டும் உரியதன்று. விமானிகளின் உயிரைக் காக்கும் கருவிகளிலும் இதே கணக்குத்தான் ஒளிந்திருக்கிறது. ஆகவே பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் படித்தும், செய்து பார்த்தும் அறிந்துகொண்டவற்றை நம் பள்ளிச் சகோதரிகளுக்கு எளிய முறையில் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

எண்களால் ஆன மலை

கணிப்பொறிக்கு மலை என்றால் என்னவென்று தெரியாது. அதற்குத் தெரிந்தவை எண்கள் மட்டுமே. ஒரு கட்டம் போட்ட நோட்டுப் புத்தகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நீலகிரி மாவட்டம் முழுவதையும் அந்தத் தாளில் வரைந்து, ஒவ்வொரு கட்டத்திற்குள்ளும் அவ்விடத்தின் உயரத்தை எழுதிவிட்டால், அதுவே கணிப்பொறியின் மலை. ஒரு கட்டத்தில் 410 என்றும், அடுத்ததில் 445 என்றும், அதற்கடுத்ததில் 520 என்றும் இருந்தால், அங்கே நிலம் மேலேறுகிறது என்று அது புரிந்துகொள்ளும். அந்த எண்களை மேடு பள்ளமான ஒரு வலையாக்கி, அதன்மேல் செயற்கைக்கோள் எடுத்த வண்ணப் படத்தைத் துணி போர்த்துவது போலப் போர்த்திவிட்டால், திரையில் மலை எழுந்து நிற்கும்.

இந்த உயரங்களை அளந்தவர்களின் வரலாறு சுவையானது. 1802ஆம் ஆண்டு சென்னைப் பரங்கிமலைக்கு அருகே அடிக்கோடு ஒன்றை அளந்து வில்லியம் லாம்டன் என்பவர் தம் நில அளவையைத் தொடங்கினார். சுமார் அரை டன் எடையுள்ள கோணமானியை ஆட்கள் சுமந்து சென்றார்கள். குன்றுகள் இல்லாத சமவெளிகளில் கோயில் கோபுரங்களின் மேல் அதை ஏற்றி அளந்தார்கள். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது கயிறு அறுந்து அக்கருவி சேதமடைந்தது. லாம்டன் மனந்தளராமல் அதைச் செப்பனிட்டு மீண்டும் அளந்தார்.

இன்று அந்தச் சிரமம் இல்லை. 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவின் எண்டெவர் விண்ணோடம் 60 மீட்டர் நீளமுள்ள ஒரு கம்பத்தை விண்வெளியில் நீட்டி, இரண்டு ஆண்டெனாக்களின் உதவியால் பூமியை ரேடார் அலைகளால் தடவிப் பார்த்தது. நம் இரு கண்களும் சேர்ந்து ஒரு பொருளின் தொலைவை அறிவது போல, அந்த இரண்டு ஆண்டெனாக்களும் சேர்ந்து நிலத்தின் உயரத்தை அறிந்தன. பதினொரே நாள்களில் உலக நிலப்பரப்பில் ஏறத்தாழ 80 சதவீதம் அளக்கப்பட்டுவிட்டது! நம் நாடும் பின்தங்கவில்லை. 2005 மே 5ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட கார்ட்டோசாட்-1 செயற்கைக்கோள், முன்னோக்கி ஒன்றும் பின்னோக்கி ஒன்றுமாக இரண்டு காமிராக்களால் ஒரே நிலத்தைப் படமெடுத்து உயரங்களைத் தந்தது. ஹைதராபாத்திலுள்ள தேசிய தொலையுணர்வு மையம் அவற்றைப் ‘புவன்’ என்னும் இணையத்தளத்தின் வழியாக மக்களுக்கு வழங்குகிறது. புவன் தொடங்கப்பட்ட ஆண்டு 2009.

இங்கே ஒன்றை மறந்துவிடலாகாது. மேலே சொன்ன இரண்டு அளவைகளிலும் நமக்கு எளிதில் கிடைக்கும் கட்டம் ஏறத்தாழ 30 மீட்டர் அகலமுள்ளது. ஒரு கட்டத்திற்கு ஓர் உயரம்தான். அதற்குள்ளே ஒரு செங்குத்துப் பாறை இருந்தாலும், உயரமான மின்கோபுரம் நின்றாலும் அவை கணிப்பொறியின் மலையில் தெரிவதில்லை. திரையில் தோன்றும் மலை உண்மை மலையின் சாயலே தவிர, உண்மை மலையன்று.

புள்ளி வைத்துப் பாதை போடுதல்

மலை தயார். இனிப் பாதை வேண்டும். உதாரணத்திற்காகச் சூலூரிலிருந்து குன்னூருக்கு அருகிலுள்ள வெலிங்டனுக்கு ஒரு ஹெலிகாப்டரைப் பறக்கவிடுவோம். இந்தப் பாதையை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறோம். நேர்க்கோட்டில் இவ்விரு ஊர்களுக்கும் இடையே ஏறத்தாழ 55 கிலோமீட்டர். சூலூர் சுமார் 380 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெலிங்டன் சுமார் 1850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

பாதை போடும் முறை நாம் வாசலில் கோலம் போடுவதைப் போன்றதே. முதலில் புள்ளி, பிறகு கோடு. சூலூரில் ஒரு புள்ளி, மேட்டுப்பாளையத்துச் சமவெளியின் மேல் ஒரு புள்ளி, கல்லாறு பள்ளத்தாக்கின் மேல் ஒன்று, குன்னூரின் மேல் ஒன்று, வெலிங்டனில் ஒன்று. கோலத்துப் புள்ளிக்கு இடம் மட்டும் போதும். ஆகாயப் பாதையின் புள்ளிக்கோ நான்கு விவரங்கள் வேண்டும்: அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், நேரம். எந்த இடத்தில், எவ்வளவு உயரத்தில், எத்தனை மணிக்கு என்று எழுதிக் கொடுத்துவிட்டால், இடைப்பட்ட கணங்களில் பொருள் எங்கே இருக்க வேண்டும் என்பதைக் கணிப்பொறி தானே கணக்கிட்டுக்கொள்ளும்.

இதை எழுதுவதற்குப் பல முறைகள் உள்ளன. கூகுள் எர்த் என்னும் மென்பொருளில் கே.எம்.எல். என்ற எழுத்து வடிவம் வழங்குகிறது. அதில் ஒரு வரி நேரத்தையும், மற்றொரு வரி இடத்தையும் சொல்லும். இப்படி நேரமும் இடமுமாக இணைத்துச் செல்லும் நகரும் பாதை அம்மென்பொருளில் 2010ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டது. சீசியம் என்னும் மற்றொரு மென்பொருளும் இவ்வேலையைச் செய்கிறது. அதன் நிரல் யாவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்து வைக்கப்பட்டுள்ளது.

புள்ளிகளை இணைப்பதில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று நேர்க்கோடு. மற்றொன்று வளைகோடு. நேர்க்கோட்டால் இணைத்தால் ஒவ்வொரு புள்ளியிலும் ஹெலிகாப்டர் சட்டென்று முறுக்கிக்கொண்டு திரும்பும். எந்த விமானமும் அப்படித் திரும்புவதில்லை. ஆகையால் சிக்குக் கோலத்தின் இழையைப் போல வழுவழுப்பாக வளையும் கோட்டையே பயன்படுத்துவார்கள். இத்தகைய வளைகோடுகளுள் ஒன்று கேட்மல்–ராம் வளைகோடு எனப்படும். 1974இல் எட்வின் கேட்மல், ரபேல் ராம் என்னும் இருவர் இதை வெளியிட்டனர். இந்தக் கேட்மல்தான் பின்னாளில் பிக்ஸார் என்னும் புகழ்பெற்ற கார்ட்டூன் படநிறுவனத்தின் தலைவரானார். அவருடைய வளைகோட்டின் சிறப்பு என்னவென்றால், நாம் வைத்த எல்லாப் புள்ளிகளையும் தொட்டுக்கொண்டே செல்லும்.

ஆனால் வளைகோட்டிலும் ஓர் அபாயம் இருக்கிறது. சமவெளியில் தாழப் பறந்து, திடீரென்று மேலேறும்படி புள்ளி வைத்தால், ஏறுவதற்கு முன் கோடு சற்றே கீழே தொய்ந்துவிடும். தாண்டுவதற்கு முன் நாம் முழங்காலை மடக்குவதில்லையா, அதுபோல. தாழப் பறக்கும்போது அந்தத் தொய்வு நிலத்திற்குள்ளேயே புகுந்துவிடக்கூடும். அவ்விடங்களில் புள்ளிகளை நெருக்கி வைப்பதே பரிகாரம்.

உயரம் என்றால் எதிலிருந்து?

இக்கலையில் புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் இடறுவது உயரத்தில்தான். ‘500 மீட்டர் உயரத்தில் பற’ என்று எழுதிவிட்டால் போதுமா? எதிலிருந்து 500 மீட்டர் என்று சொல்ல வேண்டாமா?

மென்பொருள்கள் மூன்று வகை உயரங்களை அறியும். முதல் வகையில் பொருள் நிலத்தோடு ஒட்டியே செல்லும். லாரிக்கும் ரயிலுக்கும் இது பொருந்தும். மேட்டுப்பாளையத்தில் 326 மீட்டரில் புறப்பட்டு 46 கிலோமீட்டர் ஊர்ந்து 2203 மீட்டர்வரை ஏறும் நம் நீலகிரி மலை ரயிலைத் திரையில் ஓட்ட வேண்டுமானால் இவ்வகையே தகும். இரண்டாம் வகை நிலத்திலிருந்து அளக்கும் உயரம். 150 மீட்டர் என்றால், கீழே மேடு வந்தால் தானும் ஏறி, பள்ளம் வந்தால் தானும் இறங்கி, எப்போதும் நிலத்திற்கு 150 மீட்டர் மேலேயே பறக்கும். மலைப்பகுதியில் இவ்வகையைக் கொடுத்தால் விமானம் வெள்ளாட்டுக் குட்டியைப் போலத் துள்ளித் துள்ளிப் போகும்! மூன்றாம் வகை கடல்மட்டத்திலிருந்து அளக்கும் உயரம். விமானிகள் மலைகளைத் தாண்டுவதற்குக் கணக்கில் கொள்வது இதுவே. 500 மீட்டர் என்று கொடுத்தால் சூலூரில் தரைக்கு மேல் 120 மீட்டரில் ஒழுங்காகப் பறக்கும். குன்னூருக்கு வந்தால் மலையின் வயிற்றுக்குள் இருக்கும்.

இதில் நம் தென்னாட்டுக்கே உரிய ஒரு விந்தை உண்டு. பூமி சீரான பந்தன்று என்பதைப் பூகோளப் பாடத்தில் படித்திருக்கிறோம். ஜி.பி.எஸ். கருவி பூமியைக் கணித முறைப்படி சீரான ஒரு நீள்கோளமாக வைத்துக்கொண்டு, அதன் பரப்பிலிருந்துதான் உயரத்தை முதலில் கணக்கிடுகிறது. உண்மைக் கடல்மட்டமோ புவியீர்ப்பு மிகுதியாயுள்ள இடத்தில் மேலெழுந்தும், குறைவாயுள்ள இடத்தில் தாழ்ந்தும் இருக்கிறது. உலகிலேயே அது மிகவும் தாழ்ந்திருக்கும் இடம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. அங்கே பள்ளம் 100 மீட்டருக்கும் அதிகம். அதன் தாக்கம் நம் ஊர்வரை நீள்கிறது. கோவைப் பக்கத்தில் இந்த வித்தியாசம் ஏறத்தாழ 90 மீட்டர். ஆகவே திருத்தம் செய்யாத ஜி.பி.எஸ். உயரத்தைக் கடல்மட்ட உயரமென்று எண்ணி மென்பொருளில் ஏற்றினால், பீளமேட்டு ஓடுபாதையில் நிற்க வேண்டிய விமானம் 90 மீட்டர் ஆழத்தில் பாதாளத்தில் புதைந்து கிடக்கும்! கணக்கு முழுவதும் சரியாக இருந்தும், எதிலிருந்து அளந்தோம் என்பதைக் கேளாததால் விளையும் குழப்பம் இது.

இன்னொரு குழப்பமும் உண்டு. பார்வைக்கு அழகாக இருக்கட்டுமென்று மலைகளை இரண்டு மடங்கு உயர்த்திக் காட்டும் வசதி இம்மென்பொருள்களில் இருக்கிறது. அப்படிச் செய்தால் தொட்டபெட்டா 5274 மீட்டருக்கு வளர்ந்துவிடும். 3000 மீட்டரில் பத்திரமாகத் தாண்ட வேண்டிய விமானம் திரையில் மலையை முட்டும். பாதையை உண்மை உயரத்தில் கொடுத்தால் மலையையும் உண்மை உயரத்திலேயே வைக்க வேண்டும்.

மலை வழிவிடாது

இப்போது சூலூருக்கும் வெலிங்டனுக்கும் இரண்டே இரண்டு புள்ளி வைத்து, நேர்க்கோட்டில் பறக்கவிட்டால் என்ன ஆகும் என்று பார்ப்போம். 55 கிலோமீட்டரில் 1470 மீட்டர் ஏற வேண்டும். அதாவது 37 மீட்டர் முன்னேறினால் ஒரு மீட்டர் ஏற்றம். மிகச் சாதாரணமான ஏற்றந்தானே என்று தோன்றும். ஆனால் நீலகிரி அப்படிச் சரிவாக ஏறுவதில்லை. பெரும்பகுதித் தூரம் நிலம் 400 மீட்டரை ஒட்டியே படுத்துக் கிடக்கிறது. கடைசிச் சில கிலோமீட்டரில் சுவர் எழுப்பினாற்போல் நிமிர்ந்துவிடுகிறது. மலை ரயில் கூட அங்கே பல் சக்கரத்தின் உதவியோடு பன்னிரண்டுக்கு ஒன்று என்ற செங்குத்தில் ஏற வேண்டியிருக்கிறது.

நம் நேர்க்கோடு 45ஆவது கிலோமீட்டரில் இருக்கும் உயரம் ஏறத்தாழ 1583 மீட்டர். குன்னூரைச் சூழ்ந்த முகடுகளோ 1850 மீட்டருக்கும் மேல் உயர்ந்தவை. எனவே அக்கோட்டின் வழியில் ஒரு முகடு குறுக்கிட்டால் ஹெலிகாப்டர் அதற்குள் நுழைந்து, ஒன்றும் நடவாதது போல மறுபக்கம் வெளிவரும். கணிப்பொறி ஆட்சேபிக்காது. மோதல் என்பதைப் பார்க்கும்படி நாம் தனியாகக் கட்டளையிட்டால் ஒழிய, மலையும் விமானமும் அதற்கு இரண்டு எண் வரிசைகளே.

அந்தக் கட்டளை கடினமானதன்று. பாதையைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் விமானத்தின் உயரத்திலிருந்து அதன் கீழேயுள்ள நிலத்தின் உயரத்தைக் கழிக்க வேண்டும். விடை நாம் வைத்த பாதுகாப்பு எல்லையைவிடக் குறைந்தால் எச்சரிக்க வேண்டும். இரண்டாம் வகுப்புக் குழந்தையும் செய்யக்கூடிய கழித்தல் கணக்கு! ஆயினும் இந்தக் கழித்தல்தான் பின்னால் சொல்லப்போகும் கருவியின் உயிர்நாடி.

வேகமும் திருப்பமும்

திரைப்படம் என்பது வேகமாக மாறும் அசையாப் படங்களின் வரிசை. நம் நாட்டுத் தொலைக்காட்சியில் வினாடிக்கு 25 படங்கள் ஓடுகின்றன. மணிக்கு 180 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு 50 மீட்டர். ஆகவே ஒரு படத்திற்கும் அடுத்த படத்திற்கும் இடையே ஹெலிகாப்டர் 2 மீட்டர் நகர வேண்டும். 55 கிலோமீட்டரைக் கடக்க 18 நிமிடம் 20 வினாடி ஆகும். அதற்கு 27,500 படங்கள்! ஒவ்வொரு படத்திற்கும் மலையையும் விமானத்தையும் நிழலையும் கணிப்பொறி புதிதாக வரைகிறது.

நேரத்தைக் கவனமின்றிக் கொடுத்தால் வேகம் கெட்டுவிடும். முதல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே 30 கிலோமீட்டர், அடுத்த இரண்டுக்கு இடையே 5 கிலோமீட்டர் என்று வைத்து, இரண்டுக்கும் ஐந்தைந்து நிமிடம் கொடுத்தால், முதலில் மணிக்கு 360 கிலோமீட்டரில் பாய்ந்து, பிறகு 60 கிலோமீட்டரில் ஊரும். தூரத்தை வேகத்தால் வகுத்து நேரத்தைக் கண்டுபிடித்து எழுதுவதே முறை.

பொருள் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். மூக்கு எந்தத் திசையில், மேல்நோக்கியா கீழ்நோக்கியா, உடல் இடம் வலமாக எவ்வளவு சாய்ந்திருக்கிறது என மூன்று கோணங்கள் உண்டு. சைக்கிளில் வளைவில் திரும்பும்போது நாம் உட்பக்கம் சாய்வது போல விமானமும் சாய்கிறது. வினாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் 1000 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் திரும்பினால் ஏறத்தாழ 14 பாகை சாய வேண்டும். ஆரம் 500 மீட்டராகச் சுருங்கினால் சாய்வு 27 பாகை ஆகிவிடும். சாயாமல் திரும்பும் விமானம் பார்ப்பவர் கண்ணுக்கு நூலில் கட்டி இழுத்த பொம்மையாகவே தெரியும்.

திசைக்கோணத்தில் ஒரு வேடிக்கை. வடக்கு 0 பாகை. ஒரு சுற்று முடிந்தால் 360 பாகை. 350 பாகையிலிருந்து 10 பாகைக்குத் திரும்ப வேண்டுமானால் 20 பாகை திரும்பினால் போதும். ஆனால் வெறுமனே கழித்துப் பார்க்கும் கணிப்பொறி, 340 பாகை எதிர்ப்பக்கமாகச் சுழன்று பம்பரம் போலச் சுற்றிவிடும். குறுகிய வழியில் திரும்பு என்று அதற்குச் சொல்லித்தர வேண்டும்.

இது விளையாட்டன்று

இனி, அந்தப் பாதையை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்பதைச் சொல்கிறோம்.

2021 டிசம்பர் 8ஆம் நாள் முற்பகல் 11.48 மணிக்குச் சூலூரிலிருந்து விமானப்படையின் எம்.ஐ.17 வி5 ஹெலிகாப்டர் ஒன்று வெலிங்டனுக்குப் புறப்பட்டது. நம் நாட்டின் முதல் முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத், அவருடைய துணைவியார் மதுலிகா ராவத் உட்பட 14 பேர் அதில் இருந்தனர். 12.15 மணிக்கு அது தரையிறங்கியிருக்க வேண்டும். 12.08 மணியளவில் தொடர்பு அறுந்தது. குன்னூருக்கு அருகே நஞ்சப்பசத்திரம் என்னும் சிற்றூரின் பக்கத்தில் அது மரங்களிடையே விழுந்து எரிந்தது. அவ்வூர் எளிய மக்கள் போர்வைகளையும் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். அன்றே 13 பேர் இறந்தனர். குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் போராடி டிசம்பர் 15ஆம் நாள் உயிர் நீத்தார்.

முப்படை விசாரணைக் குழு 2022 ஜனவரியில் தன் முதற்கட்ட முடிவைத் தெரிவித்தது. இயந்திரக் கோளாறோ நாசவேலையோ காரணமன்று. பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறியதால் ஹெலிகாப்டர் மேகத்துக்குள் புகுந்தது. விமானிக்குத் திசையுணர்வு குழம்பியது. அதனால் கட்டுப்பாட்டில் இருந்த நிலையிலேயே நிலத்தில் மோதியது என்பதே அம்முடிவு. 2024 டிசம்பரில் வெளிவந்த நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கை, காரணத்தை விமானக் குழுவினரின் மனிதத் தவறு என்று பதிவு செய்துள்ளது.

ஒரே வார்த்தையில் அது தவறு என்று முடிந்துவிடலாம். ஆனால் மேகத்துக்குள் மனிதனுக்கு என்ன நேர்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். நாம் நிமிர்ந்து நிற்கிறோமா சாய்ந்திருக்கிறோமா என்பதைக் கண்ணும், உட்காதிலுள்ள நீர்மம் நிறைந்த குழல்களும் சேர்ந்தே நமக்குச் சொல்கின்றன. மேகத்தில் கண்ணுக்கு வெண்மை தவிர வேறொன்றும் தெரியாது. மெதுவாகச் சாயும் விமானத்தில் உட்காது அச்சாய்வை உணர்வதில்லை. சாய்ந்து பறந்துகொண்டே நேராகப் பறப்பதாக மனம் உறுதியாக நம்பும். ‘கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்ற பழமொழிக்கு இதைவிடச் சான்று வேண்டுமோ! மேகத்துள் தீர விசாரிப்பது என்றால் கருவிகளை நம்புவது என்றே பொருள்.

அத்தகைய கருவிகளுள் ஒன்றை உலகிற்குத் தந்தவர் கனடாவில் பிறந்த டான் பேட்மன் என்னும் பொறியாளர். 1970களில் விமானங்களில் பொருத்தப்பட்ட அவருடைய முதற்கருவி, ரேடியோ அலையைக் கீழே அனுப்பித் தரை நெருங்குவதை எச்சரித்தது. ஆனால் அது கீழே மட்டுமே பார்க்கும்; எதிரே செங்குத்தாக நிற்கும் மலையைப் பார்க்காது. 1990களில் பேட்மனும் அவருடைய குழுவினரும் புதிய கருவியை உருவாக்கினர். உலகத்து மலைகளின் உயரங்களை எண்களாக அதனுள்ளே சேமித்து வைத்தார்கள். விமானம் இருக்கும் இடத்தையும் செல்லும் திசையையும் அந்த எண்களோடு ஒப்பிட்டு, இன்னும் சிறிது நேரத்தில் மலை குறுக்கிடும் என்று முன்கூட்டியே அது ‘புல் அப்! புல் அப்!’ என உரக்கக் கூவும். நாம் மேலே போட்ட அதே கழித்தல் கணக்கு! திரையில் பொம்மை விமானத்தை மலையில் முட்டாமல் காப்பதும், வானத்தில் உண்மை விமானத்தைக் காப்பதும் ஒரே கணக்கு என்பதை அறிந்தபோது நாங்கள் பெரிதும் வியந்தோம்.

புள்ளி மாறினால் என்ன ஆகும் என்பதற்கும் வரலாறு சாட்சி சொல்கிறது. 1979 நவம்பர் 28ஆம் நாள் நியூசிலாந்திலிருந்து அண்டார்டிகாவைச் சுற்றிக் காட்டச் சென்ற விமானம் எரபஸ் மலையில் மோதி 257 பேர் மாண்டனர். புறப்படுவதற்கு முன் கணிப்பொறியில் பாதைப் புள்ளி ஒன்று திருத்தப்பட்டிருந்தது. அது விமானிகளுக்குத் தெரிவிக்கப்படவில்லை. கடல்மேல் பறப்பதாக அவர்கள் எண்ணியிருக்க, விமானம் மலையை நோக்கிச் சென்றது.

புள்ளி மெய், கோடு நம் கற்பனை

விமானம் மட்டுமன்று, பறவைகளின் பாதையும் இவ்வாறு வரையப்படுகிறது. 2013ஆம் ஆண்டு நாகாலாந்தில் மூன்று அமூர் வல்லூறுகளின் முதுகில் சிறு கருவிகளைப் பொருத்தி விஞ்ஞானிகள் பறக்கவிட்டனர். நாகா, வோக்கா, பங்தி என்று அவற்றுக்குப் பெயரிட்டனர். அவை இந்தியத் தீபகற்பத்தைக் கடந்து, அரபிக் கடலையும் தாண்டி ஆப்பிரிக்காவை அடைந்ததை வரைபடத்தில் உலகம் கண்டது. ஆனால் அக்கருவி எல்லா நேரமும் பேசுவதில்லை. இடைவெளி விட்டே தன் இருப்பிடத்தைச் சொல்லும். அந்தப் புள்ளிகளே உண்மை. இடையிலுள்ள கோடு கணிப்பொறி இட்டு நிரப்பியது.

இது நாம் யாவரும் நெஞ்சில் இருத்த வேண்டிய பாடம் என்று கருதுகிறோம். எங்கேனும் ஒரு விபத்து நடந்தால், அன்று மாலையே திரையில் விமானம் பறந்து, சாய்ந்து, விழும் படம் ஓடுகிறது. பார்ப்பவர்கள் அதையே நேரில் கண்டதாக நம்பிவிடுகிறோம். அதில் எத்தனை புள்ளிகள் அளந்து அறிந்தவை? எத்தனை, படம் வரைந்தவர் வைத்தவை? இந்தக் கேள்வியைக் கேளாமல், இறந்து போன விமானி இப்படித் தவறினார், அப்படித் தவறினார் என்று பேசுவது அவருடைய குடும்பத்தாரின் புண்ணில் வேல் பாய்ச்சுவதாகும். பொய்ச் சாட்சி சொல்லலாகாது என்று மறைக்கல்வி வகுப்பில் கற்கிறோம். வாயால் சொன்னால்தான் பொய்ச் சாட்சியா? படத்தால் சொன்னாலும் பொய்ச் சாட்சிதானே!

தங்கையரே, உங்களுக்கும் இதைச் செய்து பார்க்கும் ஆவல் பிறந்திருக்கலாம். கூகுள் எர்த்தின் மேசைக் கணிப்பொறிப் பதிப்பு இலவசமாகவே கிடைக்கிறது. அதில் விமானம் ஓட்டிப் பார்க்கும் விளையாட்டும் இருக்கிறது. முதலில் பாலக்காட்டுக் கணவாயின் வழியே ஒரு பாதை போடுங்கள். இருபுறமும் மலைகள் விலகி நிற்பதால் எளிதாயிருக்கும். பிறகு மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குப் போடுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: உயரம் எதிலிருந்து? நிலம் எங்கே? அடுத்த புள்ளிக்கு நேரம் போதுமா? இக்கேள்விகளுக்கு விடை எழுதிவிட்டுப் புறப்படும் விமானம் மலையில் மோதாது.

கணிதம் எதற்கு உதவும் என்று அலுத்துக்கொள்ளும் தோழியர் நம்மிடையே உண்டு. அட்சரேகை பூகோளப் பாடத்திலும், கோணம் வடிவக்கணிதத்திலும், வேகம் இயற்பியலிலும் தனித்தனியே கிடந்தன. ஒரு மலையின்மேல் ஒரு விமானத்தைப் பறக்கவிட்டபோது அவை யாவும் ஒன்றுகூடின. நாளை நம்மில் ஒருத்தி விமானியாகலாம். மற்றொருத்தி நில அளவை செய்யும் பொறியாளராகலாம். வேறொருத்தி மேகத்திலும் வழிகாட்டும் இன்னும் சிறந்த கருவியை உருவாக்கலாம். நீலகிரியின் மேகங்களில் உயிர் நீத்த அந்தப் பதினால்வருக்காகவும் நாம் செபிப்போம். அவர்கள் சென்ற வழியில் இனிச் செல்பவர்கள் பத்திரமாகப் போய்ச் சேர, நம் படிப்பும் ஒரு சிறிதாவது துணை நிற்க இறைவன் அருள்வாராக!